சூரியனுக்கு முன்னாடி வந்த வெளிச்சம்: கிறிஸ்தவ விசுவாசத்துல தேவ ஒளின்னா என்ன

ஆதியாகமம் முதல் அதிகாரத்தை நிதானமா வாசிச்சவங்க எல்லாரும் ஒரு இடத்துல கண்டிப்பா நின்னிருப்பாங்க. முதல் நாள்ல தேவன் "வெளிச்சம் உண்டாகக்கடவது"ன்னு சொல்றார், வெளிச்சம் வந்துடுது. ஆனா சூரியன், சந்திரன், நட்சத்திரம் எல்லாம் வர்றது நாலாவது நாள்லதான். அப்போ அந்த மூணு நாளும் வெளிச்சம் எங்கருந்து வந்துச்சு? சின்னப் பசங்க வேதபாட வகுப்புல கேக்கற கேள்விதான் இது, ஆனா நாலாம் நூற்றாண்டுல பெரிய பசிலியார்ங்கற ஆயர் இதைப் பத்திப் பிரசங்கம் பண்ணிருக்கார், அகுஸ்தீனார் இதை வெச்சு பக்கம் பக்கமா யோசிச்சிருக்கார், அதனால இது சின்னக் கேள்வி இல்ல.

அந்த அதிகாரம் எழுதப்பட்ட காலத்துல இஸ்ரவேலைச் சுத்தி இருந்த பெரிய ராஜ்யங்கள் எல்லாத்துலயும் சூரியனைத் தெய்வமா கும்பிட்டாங்க, எகிப்துலயும் சரி பாபிலோன்லயும் சரி. அந்தச் சூழல்ல இந்த வசனங்களை வாசிச்சுப் பாருங்க, சூரியன்ங்கற பேரைக்கூட அது சொல்லாது, "பகலை ஆளப் பெரிய சுடர், இரவை ஆளச் சிறிய சுடர்"னு மட்டும்தான் சொல்லும். விளக்கு மாட்டி வெச்ச மாதிரி. வெளிச்சத்தோட ஊற்று அது கிடையாது, அது வெறும் ஏந்தி நிக்கற பாத்திரம், ஊற்று தேவனோட வார்த்தைன்னு அந்தப் பக்கம் சத்தமில்லாம சொல்லிட்டுப் போயிடுது. இதை மனசுல வெச்சுக்கிட்டு வேதாகமத்தோட கடைசிப் புஸ்தகத்துக்குப் போனா, வெளிப்படுத்தல் 21-ல புது எருசலேமுக்கு சூரியனும் வேண்டாம் சந்திரனும் வேண்டாம், தேவனுடைய மகிமையே அதைப் பிரகாசிப்பிச்சது, ஆட்டுக்குட்டியானவரே அதுக்கு விளக்குன்னு வருது. ஆரம்பத்துலயும் சூரியன் இல்லாத வெளிச்சம், முடிவுலயும் சூரியன் இல்லாத வெளிச்சம். நடுவுல நாம வாழற காலத்துக்கு மட்டும்தான் சுடர்கள்.

சரி, இந்த தேவ ஒளின்னா என்ன? நிறைய பேர் இதைக் கேட்டதும் ஒரு காட்சியைத்தான் நினைக்கறாங்க, கண்ணு கூசற மாதிரி வெள்ளையா ஒண்ணு, ஜெபத்துல தெரியும், சாகும்போது தெரியும், அப்படி. அந்த மாதிரி அனுபவங்கள் வேதாகமத்துலயும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு இதுல திறவுகோலா படறது சங்கீதம் 36:9. "ஜீவஊற்று உம்மிடத்தில் இருக்கிறது, உம்முடைய வெளிச்சத்திலே வெளிச்சம் காண்கிறோம்." *வெளிச்சத்திலே.* அந்த வேற்றுமை உருபைக் கவனிங்க. ஒரு ரூம்ல லைட் போட்டா நாம லைட்டையே பாத்துட்டு உக்காந்திருக்க மாட்டோம், ரூம்ல இருக்கறதைப் பாப்போம், யார் இருக்காங்க, என்ன கீழ விழுந்து கெடக்கு, எங்க கதவு. தேவ ஒளியும் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யுது, தன்னைக் காட்டறதைவிட அது நம்மளைக் காட்டும், பக்கத்துல இருக்கறவங்களைக் காட்டும். நான் இந்தக் கட்டுரைல சொல்ல வர்றது முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுத்திதான்.

நம்மளைக் காட்டும்னு சொன்னேன்ல, அதுல ஒரு கஷ்டம் இருக்கு. தமிழ்ல இதுக்கு ஒரு அதிசயமான வசதி அமைஞ்சிருக்கு, ஒளின்னா வெளிச்சம், ஒளின்னா மறைஞ்சுக்கோ, ரெண்டுக்கும் ஒரே சொல். ஆதாமும் ஏவாளும் பழத்தைச் சாப்பிட்ட பிறகு என்ன பண்ணாங்கன்னு ஆதியாகமம் 3:8 சொல்லுது, "தோட்டத்தின் விருட்சங்களுக்குள்ளே ஒளித்துக்கொண்டார்கள்." ஒளியானவர் நடந்து வர்றார், இவங்க ஒளியறாங்க. யோவான் 3:20-ம் இதையேதான் சொல்லுது, பொல்லாங்கு செய்யறவன் ஒளியைப் பகைக்கிறான், தன் கிரியைகள் கண்டிக்கப்படாதபடிக்கு ஒளிகிட்ட வராம இருக்கான்னு. நியாயத்தீர்ப்புன்னா மேல இருந்து விழற இடி மாதிரி நாம கற்பனை பண்றோம், ஆனா அந்த இடத்துல யோவான் நியாயத்தீர்ப்புக்கு கொடுக்கற விளக்கமே வேற, ஒளி வந்துச்சு, மனுஷங்க இருளை விரும்பினாங்க, அதுவே தீர்ப்பு. யாரும் தண்டிக்க வேண்டியதே இல்ல, விளக்கைப் பாத்து ஓடறதே போதும்.

யோவான் எழுதற விதத்தைக் கவனிச்சா எங்கெல்லாம் ராத்திரின்னு குறிப்பிடறாரோ அங்கெல்லாம் ஏதோ இருக்கும். நிக்கொதேமு ராத்திரில வந்து இயேசுவைப் பாக்கறார். யூதாஸ் அந்த அப்பத்துண்டை வாங்கிட்டு வெளிய போனதும் ஒரே ஒரு சின்ன வாக்கியம், "அப்பொழுது இராக்காலமாயிருந்தது." மணி என்னன்னு சொல்றதுக்காக அவர் அதை எழுதலன்னு யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனா நிக்கொதேமு கதை அங்க முடியல, சிலுவைல இயேசு மரிச்ச பிறகு வெள்ளைப்போளமும் கரியபோளமும் எடுத்துட்டு அவர் வெளிப்படையா வந்து நிக்கறார், அங்கேயும் யோவான் மறக்காம "ஆரம்பத்திலே ராத்திரி வேளையில வந்த நிக்கொதேமு"ன்னு ஞாபகப்படுத்தறார். இருட்டுல வந்தாலும் வந்தாரே, அதுதான் முக்கியம்னு எனக்குத் தோணும்.

இப்போ "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்"ங்கற வார்த்தைக்கு வருவோம், யோவான் 8:12. இது எங்க சொல்லப்பட்டுச்சுன்னு தெரிஞ்சா அதோட கனம் வேற மாதிரி ஆயிடும். யோவான் 7-ம் அதிகாரத்துல இருந்து கூடாரப் பண்டிகை நடந்துட்டு இருக்கு, இடம் எருசலேம் தேவாலயத்துல காணிக்கைப் பெட்டிகள் இருந்த பகுதி. மிஷ்னாங்கற பழைய யூதத் தொகுப்புல அந்தப் பண்டிகை ராத்திரிகள் எப்படி இருந்துச்சுன்னு வருது. பெண்கள் பிராகாரத்துல பெரிய பெரிய பொன் விளக்குத் தண்டுகள், ஒவ்வொண்ணுக்கும் நாலு பொன் கிண்ணம், நாலு ஏணி, ஆசாரியக் குடும்பத்து வாலிபர்கள் எண்ணெய்க் குடத்தோட ஏறி ஊத்துவாங்க, திரி எதுல தெரியுமா, ஆசாரியர்கள் உடுத்திப் பழசான உடைகளைக் கிழிச்சுத் திரிச்சது. அந்த வெளிச்சம் படாத முற்றமே எருசலேம்ல இல்லன்னு அந்த நூல் சொல்லுது. வனாந்தரத்துல ஜனங்க கூடாரங்கள்ல குடியிருந்த காலத்தை நினைவுபடுத்தற பண்டிகை அது, அந்தக் காலத்துல ராத்திரி அவங்களுக்கு முன்னாடி போனது அக்கினி ஸ்தம்பம். அந்தப் பண்டிகைக்கு வந்த கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு ஒருத்தர் நான்தான் உலகத்துக்கே ஒளி, என்னைப் பின்பற்றறவன் இருள்ல நடக்க மாட்டான்னு சொல்றார். *பின்பற்றறவன்.* அக்கினி ஸ்தம்பத்தை யாரும் உக்காந்து ரசிக்கல, அது கிளம்பினா கூடாரத்தைப் பிரிச்சுட்டுக் கிளம்பணும், அது நின்னா நிக்கணும். ஒளின்னா வழி காட்டற ஒளின்னு அந்தக் கூட்டத்துக்கு விளக்கவே வேண்டாம்.

அடுத்த அதிகாரத்துலயே பிறவிக் குருடன் ஒருத்தனுக்குக் கண்ணு கிடைக்குது. நாலு சுவிசேஷத்துலயும் இந்த ஒளி விஷயத்தை இதைவிட நல்லா சொல்ற இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, அதனால கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். அவன் கண்ணுல சேறு பூசி, சீலோவாம் குளத்துல போய்க் கழுவச் சொல்றார், கழுவினான், பார்வை வந்துடுச்சு. இது கதையோட தொடக்கம்தான். அக்கம்பக்கத்துக்காரங்க கேக்கும்போது "இயேசு என்னப்பட்ட ஒருவர்"னு சொல்றான். பரிசேயர் கேக்கும்போது "அவர் தீர்க்கதரிசி"ங்கறான். மறுபடி கூப்பிட்டு மிரட்டும்போது, அவர் தேவன்கிட்ட இருந்து வராதவரா இருந்தா ஒண்ணுமே செய்ய முடியாதேன்னு அவங்களுக்கே பாடம் எடுக்கறான், அவங்க அவனை வெளிய தள்ளிடறாங்க. கடைசில இயேசு அவனைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது "ஆண்டவரே, விசுவாசிக்கிறேன்"னு பணிஞ்சுக்கறான். கண்ணு ஒரே நிமிஷத்துல திறந்துச்சு, ஆனா *பார்வை* படிப்படியாத்தான் வந்துச்சு, அதுவும் ஒவ்வொரு படியும் யாரோ அவனை நெருக்கும்போது. அதே நேரத்துல இன்னொரு பக்கம் பாருங்க, வேதத்தைக் கரைச்சுக் குடிச்சவங்க, கண்ணு நல்லா தெரியறவங்க, ஒவ்வொரு படியா இருட்டுக்குள்ள இறங்கிட்டே போறாங்க. அவனைப் பெத்தவங்ககூட ஜெபஆலயத்துக்குப் புறம்பாக்கிடுவாங்களோன்னு பயந்து "அவன் வயதுள்ளவன், அவனைக் கேளுங்கள்"னு நழுவிடறாங்க. அவன்கிட்ட பெரிய வாதம் எதுவும் இல்ல, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்". அது ஒண்ணே ஒண்ணு அவங்க அத்தனை பேரோட படிப்பையும் தாண்டி நின்னுச்சு.

யோவான் சுவிசேஷத்தோட முதல் அதிகாரம் 5-ம் வசனத்தைப் பத்தியும் சொல்லியே ஆகணும், ஏன்னா தமிழ்ல வாசிக்கறவங்களுக்கு அதுல ஒரு தனி லாபம் இருக்கு. பழைய மொழிபெயர்ப்புல "அந்த ஒளி இருளிலே பிரகாசிக்கிறது, இருளானது அதைப் பற்றிக்கொள்ளவில்லை"ன்னு இருக்கும். பொது மொழிபெயர்ப்புல "இருள் அதன்மேல் வெற்றி கொள்ளவில்லை"ன்னு இருக்கும். ரெண்டுல எது சரின்னு சண்டை போட வேண்டாம், கிரேக்க மூலத்துல இருக்கற அந்த வினைச்சொல்லுக்கே ரெண்டு அர்த்தமும் உண்டு, புரிஞ்சுக்கறதுன்னும் வரும், புடிச்சு அமுக்கறதுன்னும் வரும். இருளுக்கு ஒளி புரியவும் இல்ல, இருளால ஒளியைப் புடிச்சு அணைக்கவும் முடியல. அந்தப் "பற்றிக்கொள்"ங்கற சொல் இருக்கே, அதுக்கு நம்ம மொழில தீ பத்திக்கறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கறதால, பக்கத்துலயே நெருப்பு இருந்தும் பத்திக்காம ஈரமாவே கெடந்த விறகு மாதிரி ஒரு படம் எனக்கு வரும். இது மூலத்துல இல்லாத அர்த்தம்தான், ஆனா வாசிக்கும்போது அது மனசை விட்டுப் போகாது.

சபை வரலாற்றுல இந்த ஒளிங்கற சொல் ஒரு பெரிய போராட்டத்துக்கு நடுவுல போய் நின்னுச்சு. அலெக்சாந்திரியால ஆரியுஸ்னு ஒரு மூப்பர், குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்துச்சுன்னு போதிச்சார். கி.பி. 325-ல நிசேயா சங்கம் கூடி விசுவாசப் பிரமாணத்தை எழுதும்போது குமாரனைப் பத்தி "தேவனிலிருந்து தேவன், ஒளியிலிருந்து ஒளி"ன்னு எழுதினாங்க. இது அலங்காரத்துக்குப் போட்ட வரி இல்ல. சூரியன் முதல்ல வந்துட்டு அப்புறமா ஒரு நாள் வெளிச்சம் கொடுக்க ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியுமா? சூரியன் எப்போ இருக்கோ அப்பவே கதிரும் இருக்கும், கதிரைச் சூரியன்ல இருந்து வெட்டிப் பிரிக்கவும் முடியாது, ரெண்டும் ஒண்ணேன்னு குழப்பவும் முடியாது. எபிரெயர் 1:3 ஏற்கனவே குமாரனை "அவருடைய மகிமையின் பிரகாசம்"னு சொல்லிருக்கு, அலெக்சாந்திரியாவோட ஆயர் அத்தனாசியார் அந்த வசனத்தைப் புடிச்சுக்கிட்டு வாழ்நாள் முழுக்க வாதாடினார், அஞ்சு தடவை நாடு கடத்தப்பட்டும் விடல. இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்டா, இயேசுகிட்ட நாம பாக்கறது கடவுளோட ஒரு நகலைன்னா, நிஜக் கடவுள் வேற மாதிரி இருப்பாரோங்கற பயம் எப்பவும் நம்ம பின்னாடி நிக்கும். அவர் ஒளியிலிருந்து ஒளின்னா, குஷ்டரோகியைத் தொட்ட அந்தக் கைக்குப் பின்னால மறைஞ்சிருக்கற இன்னொரு கொடூரமான கடவுள் கிடையாது. 1 யோவான் 1:5 "தேவன் ஒளியாயிருக்கிறார், அவரில் எவ்வளவேனும் இருளில்லை"ன்னு சொல்லும்போது அந்த "எவ்வளவேனும்"தான் அங்க நற்செய்தி.

ஞானஸ்நானத்துக்கும் ஆதிச்சபை இதே சொல்லைத்தான் வெச்சுது. இரண்டாம் நூற்றாண்டு நடுவுல ஜஸ்டின்ங்கற கிறிஸ்தவ அறிஞர் ரோமப் பேரரசனுக்கு எழுதின விளக்கத்துல, இந்தக் குளியலுக்கு ஒளியூட்டப்படுதல்னு பேருன்னு எழுதிருக்கார். உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தின ராத்திரி ஆராதனைல விளக்கெல்லாம் அணைச்ச இருட்டுக்குள்ள ஒரே ஒரு பெரிய மெழுகுவர்த்தி வர்றது, அதுல இருந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பத்த வெச்சுக்கறது, இதெல்லாம் அந்த நினைப்போட தொடர்ச்சிதான், பழங்காலத்துல அந்த ராத்திரிலதான் புதுசா வர்றவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாங்க.

கிழக்கத்திய சபைகள் இதுல இன்னும் ஆழமா போனாங்க. இயேசு மூணு சீஷர்களைக் கூட்டிட்டு மலைமேல போய் மறுரூபமானப்போ முகம் சூரியனைப் போல பிரகாசிச்சது, வஸ்திரம் வெளிச்சத்தைப் போல வெண்மையாச்சுன்னு மத்தேயு 17-ல இருக்குல்ல, அந்த ஒளி எப்படிப்பட்டதுன்னு 14-ம் நூற்றாண்டுல பெரிய விவாதமே நடந்துச்சு. கிரேக்க நாட்டு ஆதோஸ் மலைத் துறவிகள் இயேசுவின் நாமத்தைச் சொல்லி அமைதியா ஜெபிக்கும்போது, இயேசு மறுரூபமான இடம்னு பாரம்பரியம் சொல்ற தாபோர் மலைல தெரிஞ்ச அதே ஒளியைக் காணறதா சொன்னாங்க. பர்லாம்னு ஒரு அறிஞர் இதைக் கிண்டல் பண்ணார், அந்த ஒளியே ஒரு படைக்கப்பட்ட அடையாளம்தான், அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னார். அந்தத் துறவிகள்ல ஒருத்தரான கிரகோரி பலமாஸ் அதுக்குப் பதில் சொன்னார், தேவனோட சாராம்சத்தை எந்தப் படைப்பும் எட்ட முடியாது, ஆனா அவர் தன் செயலாற்றலால தன்னையே நமக்குக் கொடுக்கறார், அந்த ஒளி படைக்கப்படாதது, அது தேவனேதான்னு. 1341-லயும் 1351-லயும் கான்ஸ்டாண்டினோபிள்ல கூடின சங்கங்கள் பலமாஸ் பக்கம் நின்னுச்சு. மேற்கத்திய சபைல தோமா அக்குவினார் வேற வழில போனார், பரலோகத்துல தேவனைக் காண நம்ம மனசுக்கு ஒரு தகுதி வேணும், அதைத் தேவனே மகிமையின் ஒளியா கொடுப்பார்ங்கற மாதிரி. ரெண்டு பேரும் ஒத்துக்கற இடம் ஒண்ணு இருக்கு, இது நாமளா முயற்சி பண்ணி உண்டாக்கற ஒளி இல்ல.

இங்க ஒரு எச்சரிக்கையைச் சொல்லாம போக முடியாது. 2 கொரிந்தியர் 11:14, "சாத்தானும் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வானே." ஜெபத்துல வெளிச்சம் தெரிஞ்சுது, அதனால நான் சொல்றது எல்லாம் தேவன் சொல்றதுன்னு யாராவது சொன்னா அங்கயே நிதானிக்கணும். அப்போ நிஜ ஒளிக்கு என்னதான் சோதனை? யோவானோட முதல் நிருபம் ரெண்டாம் அதிகாரத்துல அதை ரொம்ப நேரடியா சொல்லிடறார், ஒளியிலே இருக்கிறேன்னு சொல்லிட்டு தன் சகோதரனைப் பகைக்கிறவன் இதுவரைக்கும் இருள்ல இருக்கிறான். அவ்வளவுதான். என்ன பாத்தேன்னு யோவான் கேக்கல, உன் பக்கத்துல இருக்கறவனை எப்படிப் பாக்கறேன்னு கேக்கறார்.

இயேசுவைப் பின்பற்றினவங்களைத் துன்பப்படுத்திட்டு இருந்த, பின்னாடி பவுல்னு அறியப்பட்ட சவுலோட கதையை இதோட வெச்சுப் பாருங்க. தமஸ்குவுக்குப் போற வழில மத்தியான நேரம், சூரியனைவிட அதிகமான பிரகாசம், கீழ விழறார், மூணு நாள் கண்ணு தெரியல. எல்லாரும் அந்தப் பிரகாசத்தைத்தான் பேசுவோம். ஆனா அந்த ஒளிக்குள்ள இருந்து வந்த கேள்வி என்ன? "நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்?" இவர் கட்டி இழுத்துட்டுப் போன ஆண்களும் பெண்களும் யார்ங்கறதை அந்த ஒளி காட்டுச்சு. மூணு நாள் கழிச்சு தமஸ்குவுல இருந்த சீஷன் அனனியா வந்து கைய வெச்சு முதல்ல சொன்ன வார்த்தை "சகோதரனாகிய சவுலே". தன்னைப் புடிச்சுட்டுப் போக வந்தவனைப் பாத்து சகோதரனேன்னு கூப்பிட அனனியாவுக்கு எவ்வளவு ஒளி தேவைப்பட்டிருக்கும்! சவுலுக்குத் தெரிஞ்ச வெளிச்சத்தைவிட இது சின்னதுன்னு நான் நினைக்கல.

இதே மாதிரி இன்னொரு உதாரணம் பின்னாடி காலத்துல இருக்கு. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்துல ஜார்ஜ் ஃபாக்ஸ் மூலமா எழும்பின குவேக்கர்கள்ங்கற கிறிஸ்தவக் குழுவினர், யோவான் 1:9-ஐ அப்படியே எடுத்துக்கிட்டாங்க, எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி, *எந்த* மனுஷனையும். அவங்க கூட்டத்துல பிரசங்க மேடை கிடையாது, எல்லாரும் மௌனமா உக்காந்து அந்த உள்ளொளிக்குக் காத்திருப்பாங்க. ஆனா அமெரிக்காவுக்குப் போன குவேக்கர்கள்ல பலபேர் அடிமைகளை வெச்சிருந்தாங்க, அதுவும் உண்மைதான். 1688-ல பென்சில்வேனியாவோட ஜெர்மன்டவுன்ல நாலு பேர் இது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாங்க, மேலிடம் அதை ஓரமா வெச்சிடுச்சு. அப்புறம் ஜான் உல்மன், 1720-ல பிறந்தவர், வாலிப வயசுல அவரோட முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விக்கறதுக்குப் பத்திரம் எழுதச் சொன்னார், எழுதிட்டார், ஆனா மனசு குத்திக்கிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் அவர் வீடு வீடா, ஊர் ஊரா போய் அடிமை வெச்சிருந்த தன் சொந்த சபைக்காரங்ககிட்டயே அமைதியா உக்காந்து பேசினார், வருஷக்கணக்கா. 1776-ல ஃபிலடெல்ஃபியா வருடாந்திரக் கூட்டம் தன் அங்கத்தினர்கள் அடிமைகளை வெச்சிருக்கவே கூடாதுன்னு தடை போட்டுச்சு, உல்மன் அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே இறந்துட்டார். முதல் கடிதத்துல இருந்து 88 வருஷம். உள்ளொளி இருக்குன்னு நம்பினவங்களுக்கே கண்ணு முன்னாடி இருந்த மனுஷியைப் பாக்க இவ்வளவு நாள் ஆச்சுன்னா, ஒளியைப் பத்திப் பேசறதுக்கும் ஒளியில நடக்கறதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு புரியும்.

இதைச் சொல்லும்போது இன்னொண்ணையும் சொல்லிடறேன், இது என்னை ரொம்ப நாளா உறுத்தற விஷயம். ஒளி நல்லது இருள் கெட்டதுங்கற பேச்சை மனுஷனோட தோல் நிறத்து மேல கொண்டு போய் ஒட்டினவங்க வரலாற்றுல இருக்காங்க, இப்பவும் வெள்ளையா இருக்கறதைப் பரிசுத்தத்தோட சேத்துப் பேசறவங்க இருக்காங்க. வேதாகமத்துல இருள்னு சொல்றது பொய்யை, பகையை, அநியாயத்தை. யாரோட நிறத்தையும் இல்ல. அதுவும் போக, அதே வேதாகமத்துல தேவன் இருட்டுக்குள்ளயும் இருக்கார். யாத்திராகமம் 20:21-ல ஜனங்க தூரத்துல நிக்கறாங்க, மோசே "தேவன் இருந்த கார்மேகத்துக்கு" கிட்ட போறார். சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டைல, காரிருளிலே வாசம்பண்ணுவேன்னு கர்த்தர் சொன்னாரேன்னுதான் தொடங்கறார். 1 தீமோத்தேயு 6:16 அவர் "சேரக்கூடாத ஒளியில்" வாசம்பண்றவர்ங்குது. நாலாம் நூற்றாண்டு நிசாவின் கிரகோரி மோசேயோட வாழ்க்கையை எடுத்து விளக்கும்போது இந்த வரிசையைக் கவனிச்சார், முதல்ல எரியற முட்செடியோட வெளிச்சம், அப்புறம் மேகம், கடைசில காரிருள். கிட்ட போகப் போக வெளிச்சம் கூடும்னுதானே நாம நினைப்போம், இங்க தலைகீழா இருக்கு. தேவன் நம்ம அறிவுக்கு எட்டாதவர், கிட்ட போகப் போக அந்த எட்டாமைதான் புரியும், அதுதான் அந்தக் காரிருள்ங்கறதுதான் அவருக்குக் கிடைச்ச பதில்.

16-ம் நூற்றாண்டு ஸ்பெயின்ல சிலுவை யோவான்ங்கற கார்மேல் சபைத் துறவி இதை அனுபவிச்சே எழுதினவர். 1577-ல அவரோட சொந்த சபைத் துறவிகளே அவரைப் புடிச்சு தொலேதோவுல ஒரு சின்ன அறைல அடைச்சு வெச்சாங்க, ஒம்பது மாசம் போல, வெளிச்சம் வர்றதுக்கு சின்ன இடுக்கு மாதிரி ஒண்ணுதான். அந்த அறைல அவர் கவிதை இயற்றினார். ஆத்மாவோட இருண்ட இரவுன்னு அவர் பேர் வெச்ச அந்த நிலைல ஜெபம் வறண்டு போகும், தேவன் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா அங்கதான் ஆத்மா தான் பிடிச்சுட்டு இருந்த சின்னச் சின்ன சுகங்களை விட்டுட்டு தேவனுக்காகவே தேவனைத் தேடக் கத்துக்குதுன்னு அவர் சொல்றார். நம்ம காலத்துல அன்னை தெரசாவோட கடிதங்கள் 2007-ல வெளிவந்தப்போ உலகமே அதிர்ச்சியானது இதனாலதான், ஏறக்குறைய 50 வருஷம் அவங்களுக்கு உள்ளுக்குள்ள தேவனோட பிரசன்னம் பெரும்பாலும் உணர்வா தெரியல. சிலபேர் அதை வெச்சு அப்போ அவங்க விசுவாசமே பொய்யான்னு கேட்டாங்க. எனக்கு அது நேர்மாறாப் படுது. அவங்களுக்கு ஒளி தெரியல, ஆனா அத்தனை வருஷமும் தெருவுல கிடந்தவங்களோட முகம் தெரிஞ்சுது. முன்னாடி சொன்ன சங்கீத வசனத்தை மறுபடி நினைச்சுப் பாருங்க, ஒளியைப் பாக்காமலே ஒளியிலே பாக்க முடியும்ங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்.

ஏசாயா 50:10-ஐ இருட்டுல இருக்கற விசுவாசிகளுக்கு யாரும் அதிகம் எடுத்துச் சொல்றதில்ல, சொல்லணும். கர்த்தருக்குப் பயந்து, அவருடைய தாசனின் சொல்லைக் கேட்டு, *தனக்கு வெளிச்சமில்லாததினால்* இருட்டிலே நடக்கிறவன் கர்த்தருடைய நாமத்தை நம்பி, தன் தேவனைச் சார்ந்துகொள்ளக்கடவன். கீழ்ப்படியறவனுக்கும் வெளிச்சம் இல்லாத நேரம் வரும்னு வேதமே ஒத்துக்குது, அவன் பாவத்தாலன்னு குத்தம் சொல்லல. அடுத்த வசனம் இன்னும் கூர்மை, தாங்களே நெருப்பு மூட்டி அந்த வெளிச்சத்துல நடக்கறவங்களுக்குத்தான் அங்க எச்சரிப்பு. அவசரப்பட்டு செயற்கையா ஒரு வெளிச்சத்தை உண்டாக்கிக்காதேன்னு. ஆனா ஒண்ணு, தூக்கம் போய், சாப்பாடு போய், உயிரோட இருக்கவே பிடிக்கலன்னு ஒருத்தர் சொன்னா அதை இருண்ட இரவுன்னு ஆவிக்குரிய பேர் வெச்சு விட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, கூடவே இருங்க. மனச்சோர்வு நோய்க்கு வைத்தியம் பாக்கறது விசுவாசக் குறைவு கிடையாது.

சிலுவை நேரத்துலயும் ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரைக்கும் பூமி எங்கும் அந்தகாரம். உலகத்துக்கு ஒளின்னு சொன்னவர் இருட்டுக்குள்ள "என் தேவனே என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு கூப்பிட்டுட்டு மரிச்சார். அப்போ உயிர்த்தெழுதல் பெரிய வெளிச்ச வெள்ளமா இருந்திருக்கணும்ல? உயிர்த்தெழுந்த அந்த நொடியை நாலு சுவிசேஷத்துல ஒண்ணுகூட வர்ணிக்கல. தேவதூதரோட பிரகாசம் வருது, ஆனா இயேசு எழுந்த கணத்தை யாரும் பாக்கல. யோவான் 20:1 என்ன சொல்லுதுன்னா, மகதலேனா மரியாள் கல்லறைக்கு வந்தப்போ "அதிக இருட்டோடே" இருந்துச்சு. அவர் ஏற்கனவே எழுந்துட்டார், இருட்டு இன்னும் போகல.

அவ அழுதுட்டு நிக்கறா. திரும்பிப் பாக்கறா, இயேசு நிக்கறார், ஆனா அவருன்னு தெரியல. தாபோர்ல பிரகாசிச்ச மாதிரி அந்த முகம் பிரகாசிக்கல, பிரகாசிச்சிருந்தா தோட்டக்காரர்னு நினைச்சிருப்பாளா? நினைச்சா. இதுவும் ஒரு தோட்டம்தான், முதல் தோட்டத்துல தேவன் "நீ எங்கே இருக்கிறாய்"னு கூப்பிட்டுட்டே வந்தார், மனுஷன் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சான். இங்க தேடறது அவ, "அவரை எங்கே வைத்தீர்"னு கேக்கறதும் அவதான். அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார், "மரியாளே". அவ ஒளியல, திரும்பி, "ரபூனி", போதகரேன்னா.